பைத்தானில் ஒரு ஸ்கிரிப்டிலிருந்து இன்னொன்றை ஓட்டுவது: விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் உடையாமல்

உங்களிடம் இரண்டு பைத்தான் ஸ்கிரிப்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, மாணவர்களின் மதிப்பெண்கள் இருக்கும் சிஎஸ்வி ஃபைலைத் திறந்து, காலி வரிகளை நீக்கி, பெயர்களுக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளிகளை வெட்டி, சுத்தமான ஃபைல் ஒன்றை எழுதிவைக்கும். அதற்கு ‘சுத்தம்’ என்று பெயர். இரண்டாவது, அந்தச் சுத்தமான ஃபைலிலிருந்து வகுப்புவாரியாக அறிக்கை தயாரிக்கும். அதன் பெயர் ‘அறிக்கை’. தனித்தனியாக ஓட்டினால் இரண்டும் ஓடுகின்றன. சுத்தம் முடிந்ததும் அறிக்கை தானாக ஓட வேண்டும், அதுவும் யாருடைய கம்ப்யூட்டரில் வைத்தாலும் ஓட வேண்டும். இதுதான் தேவை.

புதிதாகப் படிக்கிறவர்கள் தேடும்போது முதலில் கண்ணில் படுவது ஓஎஸ் மாட்யூலில் இருக்கும் சிஸ்டம் என்ற ஃபங்ஷன். டெர்மினலில் என்ன அடிப்பீர்களோ அதை அப்படியே மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் போதும், ஓடிவிடும். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடத்தில் சி++ நிரலைப் பைத்தானிலிருந்து கம்பைல் செய்யும் இடத்திலும் இதே ஃபங்ஷன்தான் வருகிறது என்பதால் பலருக்கு இது பள்ளியிலேயே பழக்கம். ‘பைத்தான் அறிக்கை’ என்று எழுதிக் கொடுக்கிறீர்கள், உங்கள் விண்டோஸ் லேப்டாப்பில் அறிக்கை வருகிறது. அதே இரண்டு ஃபைல்களை உபுண்டு வைத்திருக்கும் நண்பருக்கு அனுப்பினால் அவர் டெர்மினலில் ‘பைத்தான்: நாட் ஃபவுண்ட்’ என்று வருகிறது. இத்தனைக்கும் அவர் உங்கள் ஸ்கிரிப்டைப் பைத்தானில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்! ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானே தன்னைக் காணோம் என்று சொல்வது மாதிரி இருக்கும்.

காரணம் எளிது. ஓஎஸ் சிஸ்டத்துக்கு நீங்கள் கொடுத்த வரியைப் படிப்பது பைத்தான் கிடையாது. அந்த வரி அப்படியே இயங்குதளத்தின் ஷெல்லுக்கு, அதாவது டெர்மினலில் அடிக்கும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரலுக்கு, போகிறது. விண்டோஸில் அது சிஎம்டி, லினக்ஸிலும் மேக்கிலும் எஸ்ஹெச். ஆக, நீங்கள் எழுதியது பைத்தான் நிரல்தான் என்றாலும் அதற்குள் ஒரு வரி மட்டும் விண்டோஸ் பாஷையில் இருக்கிறது. இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போனதும் உடைவது அந்த வரிதான். இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்லப்போவது, அப்படிப்பட்ட இடங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, அவற்றை இயங்குதளத்தின் கையிலிருந்து எடுத்துப் பைத்தானிடமே கொடுப்பது எப்படி என்பதைத்தான்.

ஒரு குறிப்பு: ஃபங்ஷன், மாட்யூல் பெயர்களை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில்: உண்மையிலேயே ‘ஓட்ட’ வேண்டுமா?

பாதிப் பேருக்குத் தேவையான பதில் இந்தப் பகுதியிலேயே முடிந்துவிடும். இரண்டு ஸ்கிரிப்டும் நீங்கள் எழுதியவைதான், இரண்டும் ஒரே ஃபோல்டரில்தான் இருக்கின்றன என்றால், ஒன்றை இன்னொன்றிலிருந்து தனியாக ஓட்ட வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. அறிக்கை ஸ்கிரிப்டில் இருக்கும் வேலையை ‘தயாரி’ என்று ஒரு ஃபங்ஷனுக்குள் போடுங்கள். சுத்தம் ஸ்கிரிப்டின் மேலே அறிக்கையை இம்போர்ட் செய்து, கடைசி வரியில் அந்த ஃபங்ஷனை அழையுங்கள். முடிந்தது. ஷெல் இல்லை, இரண்டாவது பைத்தான் இல்லை, பாதைத் தலைவலி இல்லை. மூன்று இயங்குதளத்திலும் ஒரே மாதிரி ஓடும்.

இதில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இம்போர்ட் செய்யும்போது அந்த ஃபைலில் ஃபங்ஷனுக்கு வெளியே இருக்கும் எல்லா வரிகளும் அந்த நொடியே ஓடும். அதனால்தான் ‘__நேம்__ என்பது __மெயின்__ ஆக இருந்தால்’ என்ற இஃப் வரியை எல்லோரும் போடச் சொல்கிறார்கள். நேரடியாக ஓட்டப்படும் ஃபைலுக்கு மட்டும் பைத்தான் அந்தப் பெயரை வைக்கும், இம்போர்ட் ஆகும் ஃபைலுக்கு அதன் சொந்தப் பெயர்தான் கிடைக்கும். ஆகவே அந்த இஃப்புக்குள் இருப்பது தனியாக ஓட்டும்போது ஓடும், இம்போர்ட் செய்யும்போது சும்மா இருக்கும். இரண்டாவது, ஒரு மாட்யூலை எத்தனை தடவை இம்போர்ட் செய்தாலும் உள்ளே இருக்கும் வரிகள் ஒரே ஒரு தடவைதான் ஓடும். ‘லூப்புக்குள் இம்போர்ட் போட்டேன், முதல் சுற்றில் மட்டும்தான் வேலை செய்கிறது’ என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் பதில். திரும்பத் திரும்ப ஓட வேண்டியதை ஃபங்ஷனில் வைத்து, ஃபங்ஷனைத் திரும்பத் திரும்ப அழைக்க வேண்டும்.

ஃபைல் பெயரில் நடுக்கோடு இருந்தால் இம்போர்ட் வரியில் அதை எழுத முடியாது, பைத்தான் அதைக் கழித்தல் குறியாகப் படிக்கும். அடிக்கோடாக மாற்றிவிடுங்கள். மாற்ற முடியாத ஃபைல் என்றால் ரன்பை என்ற மாட்யூலில் ரன் பாத் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அது ஃபைலின் பாதை கேட்டு, இதே பைத்தானுக்குள்ளேயே அதை ஓட்டி, அதில் உருவான வேரியபிள்களை ஒரு டிக்ஷனரியாகத் திருப்பித் தரும். பலரும் ஃபைலைத் திறந்து படித்து எக்ஸெக்கில் (ஸ்டிரிங்காக இருக்கும் நிரலை ஓட்டும் ஃபங்ஷன்) போடுவதைப் பார்க்கிறேன், அதற்கு இது எவ்வளவோ மேல். எக்ஸெக்கில் போட்டால் அந்த ஸ்கிரிப்டின் வேரியபிள்கள் உங்கள் வேரியபிள்கள் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும்.

தனியாக ஓட்டியே ஆக வேண்டிய நேரங்களும் உண்டு. அந்த ஸ்கிரிப்ட் வேறொருவர் எழுதியது, நடுவில் சிஸ் எக்ஸிட் போட்டு வெளியேறிவிடும், இம்போர்ட் செய்தால் உங்கள் ஸ்கிரிப்டையும் சேர்த்து மூடிவிடும். அல்லது அது மெமரியை நிறைய எடுத்துக்கொள்கிறது, முடிந்ததும் முழுவதையும் விட்டுவிட வேண்டும். அல்லது ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடினால் நிறுத்திவிட வேண்டும். அல்லது அது விழுந்தாலும் நம் ஸ்கிரிப்ட் தொடர்ந்து ஓட வேண்டும். இப்படி ஏதாவது ஒன்று இருந்தால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

எந்தப் பைத்தான்?

தனி ப்ராசஸாக, அதாவது தனியாக இயங்கும் இன்னொரு நிரலாக, ஓட்டுவதற்குப் பைத்தானில் சப்பிராசஸ் என்ற மாட்யூல் இருக்கிறது. 2004-இல் வந்த 2.4 பதிப்பிலிருந்தே இருக்கிறது. இன்று நாம் பயன்படுத்த வேண்டிய ரன் என்ற ஃபங்ஷன் அதற்குள் 2015-இல், 3.5 பதிப்பில் வந்தது. ஆனால் ஃபங்ஷனை மாற்றினால் மட்டும் உபுண்டு நண்பரின் பிரச்சினை தீராது, ஏனென்றால் இங்கேயும் ‘எந்த நிரலை ஓட்ட வேண்டும்’ என்று முதலில் சொல்ல வேண்டும். அங்கே ‘பைத்தான்’ என்று வெறும் பெயரைக் கொடுத்தால் பழைய கதைதான்.

அந்தப் பெயர் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரி என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் புதியவர்கள் மாட்டுவது இங்கேதான். பைத்தான் 2 நெடுங்காலம் ‘பைத்தான்’ என்ற பெயரைப் பிடித்து வைத்திருந்தது, அதனால் லினக்ஸில் புதியதற்கு ‘பைத்தான்3’ என்று பெயர் வைத்தார்கள். 2020 ஜனவரி 1-உடன் பைத்தான் 2-க்கான ஆதரவு நின்றது. ஆனாலும் உபுண்டுவிலும் டெபியனிலும் வெறும் ‘பைத்தான்’ என்ற கட்டளை இன்றுவரை தானாக வருவதில்லை, அதற்கென்று ஒரு தனிப் பேக்கேஜ் போட்டால்தான் வரும். மேக்கில் கூடவே வந்துகொண்டிருந்த பைத்தான் 2.7-ஐ 2022-இல், மேக்ஓஎஸ் 12.3-இல் எடுத்துவிட்டார்கள். விண்டோஸில் ‘பைத்தான்’ உண்டு, ‘பிஒய்’ என்ற லாஞ்சரும் உண்டு, ‘பைத்தான்3’ இருக்குமா என்பது நீங்கள் எப்படி நிறுவினீர்கள் என்பதைப் பொறுத்தது. நிறுவும்போது பாத்தில் (நிரல்களைத் தேட இயங்குதளம் பார்க்கும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்க்கும் டிக்கைப் போட மறந்திருந்தால், 2019-க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10-இல் ‘பைத்தான்’ என்று அடிக்கும்போது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்தான் பதில் சொல்லும்.

விண்டோஸா என்று பார்த்து ஒரு பெயர், இல்லையென்றால் இன்னொரு பெயர் என்று இஃப் எல்ஸ் எழுதி இதைச் சமாளிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். அதைவிட நல்ல வழி பைத்தானுக்குள்ளேயே இருக்கிறது. சிஸ் மாட்யூலில் எக்ஸிக்யூட்டபிள் என்று ஒரு வேரியபிள் இருக்கிறது. இந்த நிமிடம் உங்கள் ஸ்கிரிப்டை ஓட்டிக்கொண்டிருக்கும் பைத்தான் டிஸ்கில் எங்கே இருக்கிறதோ, அந்த முழுப் பாதை அதில் இருக்கும். விண்டோஸில் சி டிரைவில் தொடங்கும், உபுண்டுவில் யூஎஸ்ஆர் பின் என்று தொடங்கும், உங்களுக்கு அது தெரிய வேண்டியதே இல்லை. ‘என்னை ஓட்டுகிறவர் யாரோ, அவரே அறிக்கையையும் ஓட்டட்டும்’ என்று சொல்வதுதான் இது.

இதில் இன்னொரு பெரிய லாபம் இருக்கிறது. விர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒரு வேலைக்கென்று தனியாக வைக்கும் பைத்தானும் பேக்கேஜ்களும்) போட்டு அதற்குள் பாண்டாஸ் என்ற பேக்கேஜை நிறுவியிருக்கிறீர்கள். சுத்தம் ஓடுகிறது. ஆனால் அது அழைக்கும் அறிக்கை மட்டும் ‘பாண்டாஸ் என்று ஒரு மாட்யூல் இல்லை’ என்று சொல்லி விழுகிறது. பிப்பில் போட்டாயிற்று, திரும்பப் போட்டாயிற்று, அப்படியும் இல்லை என்கிறது. நடந்தது என்னவென்றால், என்விரான்மென்டை ஆக்டிவேட் செய்யாமல் எடிட்டரின் ரன் பட்டனை அழுத்தும்போது சுத்தத்தை ஓட்டியது என்விரான்மென்டில் இருக்கும் பைத்தான், அறிக்கையை ஓட்டியது கம்ப்யூட்டரில் பொதுவாக இருக்கும் வேறொரு பைத்தான். வெறும் பெயரைக் கொடுத்தால் பாத்தில் முதலில் கிடைப்பதைத்தான் இயங்குதளம் எடுக்கும். சிஸ் எக்ஸிக்யூட்டபிளைக் கொடுத்தால் இரண்டுக்கும் ஒரே பைத்தான், ஒரே பேக்கேஜ்கள்.

வரியாக வேண்டாம், லிஸ்ட்டாகக் கொடுங்கள்

ஓட்ட வேண்டியதை ரன்னுக்கு ஒரே நீளமான வரியாகவும் கொடுக்கலாம், துண்டு துண்டாக லிஸ்ட்டாகவும் கொடுக்கலாம். எப்போதும் லிஸ்ட்டாகவே கொடுங்கள். முதல் துண்டு பைத்தான், இரண்டாவது ஸ்கிரிப்டின் பாதை, அதற்கு மேல் அந்த ஸ்கிரிப்டுக்கு என்னென்ன சொல்ல வேண்டுமோ அவை.

இங்கே நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், ஒரே வரியாக எழுதியது விண்டோஸில் சத்தமில்லாமல் ஓடிவிடும், லினக்ஸில் விழும். விண்டோஸ் ஒரு புது ப்ராசஸைத் தொடங்கும்போது முழுக் கட்டளையையும் ஒரே வரியாகத்தான் வாங்கிக்கொள்கிறது. லினக்ஸும் மேக்கும் துண்டுகளாக வாங்குகின்றன. ஆகவே அங்கே ‘பைத்தான்3 அறிக்கை’ என்ற ஒரே வரியைக் கொடுத்தால், நடுவில் இடைவெளியோடு அப்படியே அந்த முழுப் பெயரில் ஒரு நிரல் இருக்கிறதா என்று தேடி, இல்லை என்று ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர் தரும். இதைப் பார்த்ததும் இணையத்தில் கிடைக்கும் ‘ஷெல் ஈக்குவல் ட்ரூ போடு’ என்ற அறிவுரையைப் பின்பற்றினால் எரர் போய்விடும், ஆனால் நீங்கள் திரும்ப ஷெல்லிடமே போய்விட்டீர்கள். ஷெல்லுக்குப் போனால் இடைவெளி உள்ள பாதைகளுக்கு மேற்கோள் போட வேண்டும், அந்த மேற்கோள் விதியும் சிஎம்டியில் ஒன்று, எஸ்ஹெச்சில் ஒன்று. அதோடு, யாரோ ஒருவர் தட்டச்சு செய்த ஃபைல் பெயரை அந்த வரிக்குள் ஒட்டினால், அந்தப் பெயருக்குள் அரைப்புள்ளி போட்டு இன்னொரு கட்டளையை அவர் ஒளித்துவைக்க முடியும். எஸ்ஹெச் அதையும் ஓட்டும்.

லிஸ்ட்டாகக் கொடுத்தால் இந்த எந்தக் கவலையும் இல்லை. ‘பத்தாம் வகுப்பு’ என்று நடுவில் இடைவெளி இருந்தாலும் அது ஒரே துண்டாகத்தான் அறிக்கைக்குப் போய்ச் சேரும். விண்டோஸுக்குத் தேவையான மேற்கோள்களைப் பைத்தானே போட்டுக்கொள்ளும். எல்லாத் துண்டும் ஸ்டிரிங்காகவே போகும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: எண் அனுப்ப வேண்டுமென்றால் இங்கே ஸ்டிரிங்காக்கி அனுப்பி, அங்கே, வந்த துண்டுகள் இருக்கும் சிஸ் ஆர்க்வி லிஸ்ட்டிலிருந்து எடுத்து எண்ணாக மாற்ற வேண்டும்.

பைத்தானை முதல் துண்டாகக் கொடுக்காமல், அறிக்கை ஃபைலையே நேரடியாக முதல் துண்டாகக் கொடுத்தால் என்ன? மூன்று இயங்குதளமும் ஏதாவது ஒரு விதமாகக் கோபித்துக்கொள்ளும் என்றே சொல்லலாம். விண்டோஸ், இது சரியான வின்32 நிரல் இல்லை என்று 193-ஆம் எண் எரர் தரும். லினக்ஸும் மேக்கும், ஃபைலுக்கு ஓடும் அனுமதி இல்லையென்றால் பெர்மிஷன் எரர், அனுமதி இருந்து முதல் வரியில் எந்த நிரல் ஓட்ட வேண்டும் என்ற ஷெபாங் வரி இல்லையென்றால் ‘எக்ஸெக் ஃபார்மேட் எரர்’. எல்லாம் சரியாக இருந்தும் ஃபைலை விண்டோஸ் எடிட்டரில் சேமித்திருந்தால் வரி முடிவில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஷெபாங்கைக் கெடுத்துவிடும். பைத்தானை முதலில் கொடுத்துவிட்டால் இந்த நான்கும் உங்கள் பக்கமே வராது.

எந்த ஃபோல்டர்?

பைத்தான் கிடைத்துவிட்டது. அறிக்கை எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். வெறும் ஃபைல் பெயரைக் கொடுத்தால், சுத்தம் இருக்கும் ஃபோல்டரில் பைத்தான் தேடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. நீங்கள் எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு கட்டளையை அடித்தீர்களோ அந்த ஃபோல்டரில்தான் தேடும். டெர்மினலை அதே ஃபோல்டரில் திறந்திருக்கும்வரை வித்தியாசம் தெரியாது. அதையே தினமும் காலை ஆறு மணிக்கு ஓட வேண்டும் என்று லினக்ஸில் கிரானில் (குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் வசதி) போட்டால் அது உங்கள் ஹோம் ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டும். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் ‘ஸ்டார்ட் இன்’ கட்டத்தைக் காலியாக விட்டால் சிஸ்டம்32 ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டும். இரண்டிலும் அறிக்கை கிடைக்காது.

இதில் குழப்பம் கூட்டும் இன்னொன்று: இம்போர்ட் மட்டும் இப்படி இல்லை. இம்போர்ட் செய்யும்போது பைத்தான் முதலில் பார்ப்பது ஓட்டப்படும் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரைத்தான், நீங்கள் நிற்கும் ஃபோல்டரை இல்லை. அதனால்தான் ஒரே ஸ்கிரிப்டில் இம்போர்ட் வேலை செய்து, ஃபைல் திறப்பது மட்டும் தோற்கிறது.

வழி என்னவென்றால், ஸ்கிரிப்ட் தான் எங்கே இருக்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்குள்ளும் __ஃபைல்__ என்ற வேரியபிள் இருக்கிறது, அதில் அந்த ஃபைலின் பாதை இருக்கும். 3.4 பதிப்பிலிருந்து கூடவே வரும் பாத்லிப் மாட்யூலை வைத்து அதிலிருந்து ஃபோல்டரை எடுத்து, அந்த ஃபோல்டரோடு அறிக்கையின் பெயரைச் சேர்த்தால் போதும். இதுவரை சொன்னதெல்லாம் சேர்ந்தால் இப்படி வரும்:

இங்கே = பாத்(__ஃபைல்__).ரிசால்வ்().பேரன்ட்
அறிக்கை = இங்கே / "அறிக்கை.பிஒய்"
சப்பிராசஸ்.ரன்([சிஸ்.எக்ஸிக்யூட்டபிள், அறிக்கை, "பத்தாம் வகுப்பு"], செக்=ட்ரூ)

‘இங்கே’, ‘அறிக்கை’ என்ற வேரியபிள் பெயர்களைத் தமிழிலேயே வைத்தாலும் பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நடுவில் இருக்கும் சாய்கோடு வகுத்தல் இல்லை, பாத்லிப்பில் அதற்கு ‘இந்த ஃபோல்டருக்குள்’ என்று பொருள். விண்டோஸில் ஓடும்போது அதுவே பின்சாய்கோடாக மாறிக்கொள்ளும்.

பாதையைக் கையால் எழுதுகிறவர்கள் பின்சாய்கோட்டில் அடிக்கடி மாட்டுகிறார்கள். சி டிரைவில் ‘நியூ’ என்ற ஃபோல்டரை ஆங்கிலத்தில் அப்படியே மேற்கோளுக்குள் எழுதினால், பின்சாய்கோடும் அடுத்து வரும் சின்ன ‘என்’ எழுத்தும் சேர்ந்து பைத்தானுக்குப் ‘புது வரி’ ஆகிவிடும். ‘டெஸ்ட்’ போலச் சின்ன ‘டி’ எழுத்தில் தொடங்கும் ஃபோல்டர் என்றால் டேப் ஆகிவிடும். ஃபைல் இருக்கிறது, பெயரும் சரி, ஆனாலும் கிடைக்கவில்லை என்று மணிக்கணக்கில் தேட வைக்கும் விஷயம் இது. பெரிய எழுத்து சின்ன எழுத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: விண்டோஸும் மேக்கும் வழக்கமாக இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் எடுத்துக்கொள்ளாது.

தமிழ் வந்ததும் ஏன் விழுகிறது?

நம்மைப் போலத் தமிழில் பெயர்களும் தலைப்புகளும் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பல எளிய விளக்கங்கள் இதைத் தொடுவதே இல்லை, ஏனென்றால் ஆங்கில எழுத்து மட்டும் இருந்தால் இந்தப் பிரச்சினை வராது.

அறிக்கை ஸ்கிரிப்ட், மாணவர் பெயர்களைத் தமிழில் பிரிண்ட் செய்கிறது. விண்டோஸில் தனியாக ஓட்டினால் திரையில் வருகிறது. அதன் வெளியீட்டைச் சுத்தம் வாங்கி வைத்துக்கொள்ளட்டும் என்று ரன்னுக்கு ‘கேப்சர் அவுட்புட்’, ‘டெக்ஸ்ட்’ இரண்டையும் ட்ரூ என்று கொடுக்கிறீர்கள். உடனே அறிக்கை, ‘சார்மேப்’ என்று தொடங்கும் யூனிகோட் என்கோட் எரரோடு விழுகிறது. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை!

3.6 பதிப்பிலிருந்து விண்டோஸ் டெர்மினலுக்கு நேராக எழுதும்போது பைத்தான் யூனிகோடில் எழுதுகிறது, அதனால் தமிழ் வருகிறது. ஆனால் வெளியீடு திரைக்குப் போகாமல் இன்னொரு ப்ராசஸுக்குக் குழாய் வழியாகப் போகும்போது, விண்டோஸின் பழைய கோட் பேஜை (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற அட்டவணை) பயன்படுத்துகிறது. பெரும்பாலான நம் ஊர்க் கம்ப்யூட்டர்களில் அது 1252, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது, அதில் தமிழுக்கு ஓர் இடம்கூட இல்லை. எழுத இடமில்லாததால் விழுகிறது. லினக்ஸும் மேக்கும் இரண்டு நேரத்திலும் வழக்கமாக, எல்லா மொழிகளுக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8தான் பயன்படுத்துகின்றன, அதனால் அங்கே சோதித்தவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

சரி, எழுதுகிற பக்கத்தை யூடிஎஃப்-8க்கு மாற்றிவிட்டீர்கள், வாங்குகிற பக்கத்தை மாற்றவில்லை என்றால் இன்னும் விசித்திரமாக ஒன்று நடக்கும். ‘தாமரை’ என்ற பெயர், தலையில் கோடு போட்ட ஏ-யும் வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியுமாகக் கலைந்து வரும், ஆனால் எரர் வராது. ‘செல்வம்’ என்ற பெயர் எரரோடு நின்றுவிடும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். புள்ளியின் மூன்றாவது பைட், பதினாறடிமான எண்ணில், 8டி. உகரக் குறியின் மூன்றாவது பைட் 81. இந்த இரண்டு இடங்களும் 1252-இல் காலி, அங்கே எந்த எழுத்தும் இல்லை. ஆகவே புள்ளியோ உகரமோ இருக்கும் பெயர் நிற்கும், இரண்டும் இல்லாத பெயர் பெரும்பாலும் கலைந்து நழுவும். சில பெயருக்கு மட்டும் வருகிறது, சில பெயருக்கு வருவதில்லை என்று தோன்றும் குழப்பத்துக்கு இதுதான் காரணம்.

ஆகவே இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். லிஸ்ட்டில் சிஸ் எக்ஸிக்யூட்டபிளுக்கு அடுத்து, நடுக்கோடு போட்ட பெரிய எக்ஸ் ஒரு துண்டாகவும், ‘யூடிஎஃப்8’ இன்னொரு துண்டாகவும் கொடுங்கள். 3.7-இலிருந்து இருக்கும் இந்த வசதி, ஓடப்போகும் பைத்தானை முழுவதும் யூடிஎஃப்-8க்கு மாற்றிவிடும். அந்த ஸ்கிரிப்ட் என்கோடிங் சொல்லாமல் திறக்கும் ஃபைல்களுக்கும் சேர்த்து. அப்புறம் ரன்னுக்கு என்கோடிங் என்ற இடத்தில் ‘யூடிஎஃப்-8’ என்று கொடுங்கள், வாங்குகிற பக்கமும் சரியாகிவிடும். 3.15 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8தான் எல்லா இயங்குதளத்திலும் இயல்பு என்று பைத்தான் குழு முடிவெடுத்திருக்கிறது, ஆனால் பள்ளி, கல்லூரி லேப்களில் பழைய பதிப்புகள் நிறைய நாள் இருக்கும், எழுதி வைப்பதே நல்லது.

முடிந்ததா, விழுந்ததா?

மேலே இருக்கும் வரியின் கடைசியில் ‘செக் ஈக்குவல் ட்ரூ’ என்று போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதைப் போடாவிட்டால், அறிக்கை பாதியில் விழுந்தாலும் சுத்தம் எதுவும் நடக்காதது மாதிரி அடுத்த வரிக்குப் போய்விடும். ஒவ்வொரு ப்ராசஸும் முடியும்போது ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகும். 0 என்றால் நல்லபடியாக முடிந்தது, பைத்தானில் பிடிக்கப்படாத எரரால் விழுந்தால் 1, ஸ்கிரிப்ட் ஃபைலே கிடைக்காவிட்டால் 2. செக் போட்டால் 0 அல்லாத எதற்கும் சுத்தத்திலும் எரர் கிளம்பும். செக் போடாமல் நீங்களே பார்க்க வேண்டுமென்றால் ரன் திருப்பித் தருவதில் ரிட்டர்ன்கோட் இருக்கிறது. ஓஎஸ் சிஸ்டம் இந்த எண்ணையும் இயங்குதளத்துக்கு ஏற்ப மாற்றித் தரும்: அதே 1, லினக்ஸில் 256 என்று வரும். அறிக்கையில் நீங்களே எக்ஸிட் எண் கொடுப்பதாக இருந்தால் 0 முதல் 255-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸும் மேக்கும் ஒரு பைட்டுக்கு மேல் இருப்பதை வெட்டிவிடும் என்பதால் 256 என்று கொடுத்தால் அங்கே 0 ஆகி, தோல்வி வெற்றியாகத் தெரியும்.

டைம்அவுட் என்ற இடத்தில் 60 என்று கொடுத்தால் ஒரு நிமிடத்தில் முடியாத ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு எரர் தரும். தெரியாமல் மாட்டிக்கொண்ட ஸ்கிரிப்டுகளுக்கு இது அவசியம், குறிப்பாக அறிக்கைக்குள் எங்காவது இன்புட் இருந்தால்: வெளியீட்டை நீங்கள் பிடித்து வைத்திருப்பதால் ‘வகுப்பு என்ன?’ என்ற கேள்வி திரையில் வராது, அதுவோ பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும், பார்க்கிறவருக்கு ஹேங் ஆனது மாதிரித் தெரியும். கேள்வி கேட்பதை எடுத்துவிட்டு, வேண்டியதை லிஸ்ட்டில் துண்டாக அனுப்புங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், வெளியீட்டைச் சப்பிராசஸில் இருக்கும் பாப்பென் மூலம் வரிவரியாகப் படிக்கிறவர்களுக்கு. குழாய் வழியாகப் போகும்போது பைத்தான் பிரிண்ட்களை உடனுக்குடன் அனுப்பாமல் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும். ‘10 முடிந்தது, 20 முடிந்தது’ எல்லாம் கடைசியில் ஒன்றாக வந்து கொட்டும். லிஸ்ட்டில் நடுக்கோடு போட்ட சின்ன யூ-வைச் சேர்த்தால் அவ்வப்போதே வரும்.

என்விரான்மென்ட் வேரியபிள் ஏதாவது கூடுதலாக அனுப்ப வேண்டுமென்றால், புதிதாக ஒரு டிக்ஷனரி எழுதி அனுப்பாதீர்கள். நீங்கள் கொடுப்பது இருப்பதோடு சேராது, இருப்பதை மொத்தமாக மாற்றிவிடும். பாத் போய்விடும், விண்டோஸில் சிஸ்டம்ரூட் என்ற வேரியபிள் இல்லாமல் சில நிரல்கள் தொடங்கவே தொடங்காது. ஓஎஸ் என்விரானைக் காப்பி எடுத்து, அதில் உங்களுடையதைச் சேர்த்து அனுப்புங்கள்.

சிஸ் எக்ஸிக்யூட்டபிளை நம்பச் சொன்னேன், அது பொய்யாகும் இரண்டு இடங்களையும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸில் பைத்தானோடு வரும் ஐடில் எடிட்டருக்குள்ளிருந்து ஓட்டினால் அது கருப்புத் திரை இல்லாத பைத்தான்டபிள்யூவைக் காட்டும். அறிக்கை ஓடும், ஆனால் அதன் பிரிண்ட்கள் எங்கும் தெரியாது. கேப்சர் செய்து நீங்களே பிரிண்ட் செய்தால் தெரியும். மற்றது கொஞ்சம் ஆபத்தானது: பைஇன்ஸ்டாலர் வைத்து இஎக்ஸ்இ ஆக்கிவிட்டால் சிஸ் எக்ஸிக்யூட்டபிள் என்பது அந்த இஎக்ஸ்இயே. அறிக்கையை ஓட்டச் சொன்னால் அது தன்னையே இன்னொரு முறை திறக்கும், அது இன்னொன்றைத் திறக்கும், கம்ப்யூட்டர் திணறும்வரை போகும். இஎக்ஸ்இ ஆக்கும் எண்ணம் இருந்தால் முதல் பகுதியில் சொன்ன இம்போர்ட் வழிக்கே போய்விடுங்கள்.

மூன்று இயங்குதளமும் கையில் இல்லாதவர்கள் எப்படிச் சோதிப்பது என்று கேட்கலாம். மேக் வாங்க வேண்டாம். ஸ்கிரிப்டுகளைக் கிட்ஹப்பில் பொது ரெப்பாசிட்டரியாகப் போட்டால் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் உபுண்டு, விண்டோஸ், மேக்ஓஎஸ் மூன்றையும் இலவசமாகக் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்க்கலாம். சோதனைக்கு வைக்கும் சிஎஸ்வியில் ‘செல்வம்’ என்று ஒரு பெயரும், ஃபோல்டர் பெயரில் ஓர் இடைவெளியும் இருக்கட்டும், ஸ்கிரிப்டை வேறொரு ஃபோல்டரிலிருந்து அழைத்துப் பாருங்கள். மூன்றிலும் பச்சை டிக் விழுந்தால் அதற்குப் பிறகு நண்பருக்கு அனுப்பலாம்.